சமையல்கட்டுக் குழாய்க்குக் கட்டிய சணல்

எங்கள் வீட்டுக்குள் ஒரு குழாய்கூடக் கிடையாது. ஆனால் ஒரு பெரிய பங்களாவின் குழாய்கள் அத்தனையும் என் அப்பாவின் பொறுப்பில் இருந்தன. அவற்றைப் பற்றி அவர் பேசுவது, மாடு கன்று வைத்திருப்பவர்கள் பேசுவதுபோல இருக்கும். "வடக்குச் சுவத்துக் குழாய்க்கு இன்னைக்கு மேலுக்குச் சொகமில்ல" என்பார். "கசாயம் வச்சுத் தரவா?" என்று அம்மா கேட்பாள்.

பங்களா, செண்பகனூரிலிருந்து கொடைக்கானல் போகிற வழியில், சாலைக்கு மேலே ஒரு சரிவில் இருந்தது. பங்களாவுக்குப் பின்னால் தனியாகச் சமையல்கட்டு. சமையல்கட்டின் சுவரை ஒட்டினாற்போல எங்களுடைய ஒற்றை அறை. மேலே சோலைக்குள் ஓர் ஊற்று. அந்தத் தண்ணீரைக் கல்தொட்டியில் தேக்கி, இரும்புக் குழாய் வழியாகக் கீழே இறக்கியிருந்தார்கள். முதலில் அது பங்களாவின் குளியலறைகளுக்குப் போகும். பிறகு சமையல்கட்டுக்கு வந்து, அதன் வடக்குச் சுவரோடு உள்ளே ஓடும். கடைசியில் எங்கள் வாசலுக்கு எதிரே இருந்த குதிரைத் தொட்டியில் வந்து முடியும். குதிரை எப்போதோ போய்விட்டது. தொட்டிக்குப் பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

அப்பா மூட்டை சுமக்கக் கீழ்நாட்டிலிருந்து மலையேறி வந்தவர். காவல் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், பனியில் குழாய்த் தண்ணீர் கல்லாகிவிடும் என்று யாரோ சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். அந்த மார்கழியிலேயே ஒரு குழாய் வெடித்தது. அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. ஐப்பசி மழை ஓய்ந்ததும் மலைப்புல்லை அறுத்துக் காயவைத்து, வெளியே தெரிகிற குழாய்களுக்கெல்லாம் சுற்றி, மேலே சாக்கு போட்டுக் கட்டுவார். குழாய்த் திருகுகளுக்குள் இருக்கும் தோல் வளையங்களைக் கழற்றி எண்ணெயில் ஊறப்போடுவார். கல்தொட்டியின் வாயில் சேரும் இலைகளை வாரிப்போடுவார். தொட்டிக்குக் கீழே, தண்ணீர் முழுவதையும் நிறுத்துகிற பெரிய திருகு ஒன்று இருந்தது. அதை யாரும் தொடவேண்டிய அவசியமே வந்ததில்லை. இருந்தாலும் அப்பா மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் விட்டு அதை மூடித் திறந்து பார்ப்பார். விளக்கெண்ணெய் என்றால் வயிற்றுக்குத்தான் என்று நினைத்திருந்த எனக்கு, இரும்புக்கு அதைக் கொடுப்பது மிகவும் நியாயமாகப் பட்டது. அதைக் குடிக்க என்னைவிட அது தகுதியானது.

இந்த விஷயத்தில் அப்பாவுக்கு இருந்த ஒரே எதிரி பங்களாவின் பட்லர். சமையல்கட்டு பட்லரின் ராஜ்யம். ஆட்டுக்கறி வறுத்த சட்டியை அப்படியே பாத்திரம் கழுவுகிற தகரத் தொட்டியில் கவிழ்ப்பார். அந்தக் கொழுப்பு குளிரில் மெழுகாக இறுகிச் சாக்கடைக் குழாயை அடைத்துக்கொள்ளும்.

"பட்லரே, கொழுப்ப வழிச்சு அடுப்புச் சாம்பல்ல போடுங்க. தொட்டியில ஊத்தாதீங்க."

"ஏங்காணும், கொழுப்பு எனக்கா குழாய்க்கா?"

"ரெண்டு பேருக்குந்தான்" என்று அப்பா சொல்வார். இரண்டு நாள் பேசமாட்டார்கள்.

குளிர்காலத்தில் பங்களா வழக்கமாகப் பூட்டிக் கிடக்கும். தண்ணீரை நிறுத்தி, குழாய்களை வடியவிட்டு, பங்குனிவரை நிம்மதியாக இருப்போம். நான் சொல்லவந்த வருஷம் அப்படி இல்லை. நீண்ட நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்த, பங்களாவுக்குச் சொந்தக்காரியான வெள்ளைக்காரத் துரைசானியை, மலையைவிட்டு இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் குளிர்காலம் முழுவதும் பங்களாவிலேயே தங்கினார். அதனால் தண்ணீரை நிறுத்த முடியாது. அப்படியானால் பனிக்கு ஒரே வழி, குழாய்களை இரவு முழுவதும் கொஞ்சமாகத் திறந்து வைப்பதுதான். ஓடுகிற தண்ணீர் அவ்வளவு எளிதில் உறையாது.

கார்த்திகை முடியும்போதே அப்பா இதைத் தொடங்கிவிட்டார். பொழுது சாயும் நேரத்தில் ஒவ்வொரு குழாயாகப் போய், சொட்டுச் சொட்டாக விழும்படி திருகிவைப்பார். நானும் கூடவே போவேன். முதல் நாள் காலையிலேயே துரைசானியிடமிருந்து புகார் வந்தது. குளியலறைத் தொட்டியில் சொட்டு விழுகிற சத்தத்தில் அவருக்குத் தூக்கமே இல்லையாம். அப்பா யோசித்தார். ஒரு முழம் சணல் நூலை எடுத்துக் குழாயின் வாயில் கட்டி, மறுமுனையைத் தொட்டியின் அடியில் படும்படி விட்டார். தண்ணீர் நூலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கியது. பங்களாவுக்குள் இருந்த குழாய்களுக்கெல்லாம் அன்று மாலையே சணல் கட்டியாகிவிட்டது. சமையல்கட்டுக் குழாய்க்கும் குதிரைத் தொட்டிக்கும் கட்டவில்லை. அங்கே யார் தூங்குகிறார்கள்?

அந்த வாரந்தான் அத்தை வந்து சேர்ந்தாள்.

அத்தை அப்பாவின் தங்கை. பழனிக்குக் கிழக்கே, மழை பெய்தால் அதிசயம் என்கிற ஒரு செம்மண் காட்டில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா இறந்து வெகுநாளாகியிருந்தது. அவளுக்கு ஒரு பெண் குழந்தை இருந்ததாகவும், அதுவும் அந்த வருஷக் கோடையில் போய்விட்டதாகவும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். மாமாவின் அண்ணன் வீட்டில் மாடுகளோடு மாடாக வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் தலையில் ஒரு துணிமூட்டையோடு கால்நடையாகவே மலையேறி வந்துவிட்டாள்.

அவளைத் தங்கவைத்துக்கொள்ள அப்பா துரைசானியிடம் போய்க் கேட்கவேண்டியிருந்தது. துரைசானி தமிழை மிஷன் புத்தகங்களில் படித்துக் கற்றவர். அவர் பேசினால் கோயிலில் வேதம் வாசிப்பதுபோல இருக்கும். "உம்முடைய சகோதரி இருக்கட்டும். ஆனால் கீழிருந்து வருகிறவர்கள் காய்ச்சலைக் கொண்டுவருகிறார்கள். அவள் பங்களாவிலும் சமையல்கட்டிலும் பிரவேசிக்கக்கூடாது. பிரவேசித்தால் அன்றே அனுப்பிவிடும்" என்றார். அப்பா கைகட்டிக்கொண்டு, "பெரவேசிக்க மாட்டாங்கம்மா" என்றார்.

அத்தைக்கும் எனக்கும் உடனே ஒத்துப்போய்விட்டது. நான் அதிகம் பேசாத பையன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயரைக் கேட்டாலே எனக்குக் காது சிவந்துவிடும். அத்தையும் பேசமாட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து பேசாமல் இருப்போம். ஆனால் தண்ணீர் விஷயம் வந்தால் மட்டும் அவளுக்கு வாய் வந்துவிடும்.

"ஏலே, வாய் கொப்பளிக்கிறதுக்கு இம்புட்டுத் தண்ணியா? யானையா நீ?"

ஒரு குவளைத் தண்ணீரில் அவள் பாத்திரம் முழுவதும் கழுவி, கழுவிய தண்ணீரை அவரைக்கொடிக்கு ஊற்றுவாள். பூண்டியிலிருந்து பூண்டுமூட்டை சுமந்து வருகிற பெண்கள் குதிரைத் தொட்டியில் கால் கழுவினால், எழுந்து உள்ளே போய்விடுவாள். பார்க்கமாட்டாள். அம்மாவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. "மதினி, அது ஊத்துத் தண்ணி, ஓடிக்கிட்டேதான் இருக்கும்" என்பாள். "இன்னைக்கு ஓடுது" என்பாள் அத்தை.

வந்த முதல் நாள் சாயங்காலம் குழாய்கள் சொட்டுவதைப் பார்த்ததும் அவள் அப்பாவிடம் ஓடினாள்.

"அண்ணே, குழாயெல்லாம் ஒழுகிக் கெடக்கு."

"நாந்தான் தொறந்து வச்சிருக்கேன். அப்படியே கெடக்கட்டும், தொடாதே."

"எதுக்கு?"

"பனியில தண்ணி கல்லாயிரும். கல்லாச்சுன்னா குழாய் வெடிச்சிரும்."

அத்தை அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "போண்ணே, எங்கிட்டயே வெளையாட்டா?" என்றாள். அவள் சிரித்ததைப் பார்த்த சந்தோஷத்தில் அப்பா மேற்கொண்டு விளக்கவில்லை. தானும் ஒருகாலத்தில் இப்படித்தான் சிரித்தோம் என்பதை அவர் அந்த நேரத்தில் மறந்துவிட்டார்.

எங்கள் அறையில் படுத்தால், சமையல்கட்டுக் குழாய் தகரத் தொட்டியில் சொட்டுவது சுவர் வழியாகக் கேட்கும். டொக். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் டொக். வெளியே குதிரைத் தொட்டி அதற்குப் பதில் சொல்லும். எங்களுக்கு அது பழகிவிட்டது. அத்தை மட்டும் முந்தானையைக் காதோடு சேர்த்து இறுக்கிச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மலைக்குளிர் காதுக்குள் போகிறது என்று அம்மா நினைத்தாள்.

நாலைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், அப்பா குழாய்களைத் திறந்துவைத்துவிட்டு விறகு கொண்டுவரப் போயிருந்தார். பட்லர் பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பங்களாவுக்குள் போனார்; இனி விடிந்துதான் வருவார். அத்தை எழுந்தாள். குதிரைத் தொட்டிக் குழாயை மூடினாள். பிறகு நாலாபக்கமும் பார்த்துவிட்டுச் சமையல்கட்டுக்குள் நுழைந்தாள். குழாய் என்பதே அவளுக்குப் புதிது. எந்தப் பக்கம் திருகினால் மூடும் என்பதில் முழு நம்பிக்கை வரவில்லை. அதனால் திருகி மூடிய பிறகு, தன் பழைய பச்சைச் சேலையிலிருந்து கிழித்த ஒரு துண்டால் அதன் வாயையும் இறுக்கிக் கட்டினாள்.

வாசலில் நான் நிற்பதைப் பார்த்ததும் அவள் பயப்படவில்லை. "தண்ணியும் ராத்திரி தூங்கட்டும்லே. வெள்ளனே எழுப்பி விட்டுருவோம்" என்றாள்.

அப்படியேதான் செய்தாள். அப்பா எழுவதற்கு முன்பே போய்த் துணியை அவிழ்த்து, திருகைத் தளர்த்திச் சொட்டவிட்டு வந்துவிடுவாள். தினமும் நடந்தது. பகலெல்லாம் உழைத்த அசதியில், பழகிப்போன சத்தம் நின்றதை அப்பாவும் அம்மாவும் கவனிக்கவில்லை. பங்களாவுக்குள் இருந்த குழாய்களின் பக்கம் மட்டும் அவள் போகவே இல்லை. அங்கேயும் இரவெல்லாம் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருந்தது. அவளுக்கும் அது தெரியும். இது என்ன சிக்கனம் என்று எனக்குப் புரியவில்லை. துரைசானிக்குப் பயந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றும் கெட்டுப்போகவும் இல்லை, ஏனென்றால் அந்த நாட்களில் வானம் மூடியே இருந்தது. மேகம் இருந்தால் பனி இறங்காது.

மார்கழி பிறந்து சில நாட்களில் வானம் துடைத்துவிட்டதுபோல ஆகிவிட்டது. காற்றும் நின்றது. அப்பா வாசலில் நின்று மேலே பார்த்து, "இன்னைக்கு எறங்கிரும்" என்று சொல்லிவிட்டு, எல்லாக் குழாய்களையும் ஒருமுறைக்கு இரண்டு முறை திறந்து பார்த்தார். அவர் பார்த்து முடித்த பிறகு, அத்தை தன் வேலையைப் பார்த்தாள்.

விடிந்ததும் கதவைத் திறந்த அத்தை அப்படியே நின்றுவிட்டாள். சரிவு முழுவதும் வெள்ளையாகக் கிடந்தது. "மதினி, யாரோ உப்பக் கொட்டிட்டாக" என்றாள். அன்று அப்பா துரைசானிக்கு ரொட்டி வாங்க இருட்டோடேயே எழுந்து பஜாருக்குப் போயிருந்தார். அத்தை வெள்ளைப் புல்லில் காலை வைக்கக் கூசிக் கூசிக் குதிரைத் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. முழுவதும் திறந்தாள். ஒரு சொட்டு இல்லை.

அவள் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. தண்ணீர் உறைந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் அறிந்த உலகத்தில் தண்ணீர் நின்றுபோவதற்கு ஒரே ஒரு காரணந்தான் இருந்தது.

"மதினி! ஊத்து வத்திப்போச்சு மதினி! இங்கயும் வத்திப்போச்சு!"

தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா அவளைத் தூக்கி நிறுத்தி, "வத்தல, வத்தல, ஒறஞ்சிருக்கு. அவுக வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மாவுக்கும் ஒன்று புரியவில்லை. திறந்து வைத்த குழாய் எப்படி உறையும்?

இதற்குள் பட்லர் வந்து அடுப்பை மூட்டிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு நாட்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. கேக்குக்கு வேண்டிய மாவும் சர்க்கரையும் ஊறவைத்த திராட்சையும் வடக்குச் சுவரோரம் அடுக்கியிருந்தன. அடுப்பு உள்ளேயிருந்து காய, வெளியே பொழுதேறிப் பனி விலக, சுவரோடு ஓடிய குழாய் இளகத் தொடங்கியது. குழாய் அதற்குள்ளேயே நீளமாகப் பிளந்திருந்தது. பனிக்கட்டி அடைத்துக்கொண்டிருந்ததால்தான் தெரியவில்லை.

சீறுகிற சத்தமும் பட்லரின் அலறலும் ஒன்றாகக் கேட்டன. நாங்கள் ஓடினோம். சுவரிலிருந்து தண்ணீர் விசிறிபோலப் பாய்ந்து எதிர்ச்சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. அடுப்பு புஸ்ஸென்று அணைந்தது. பட்லர் மாவு மூட்டையைக் கட்டிப்பிடித்து இழுத்தார். அது அவர் கையோடு களியாக வந்தது.

"ஐயோ, மாவு தானாப் பெசஞ்சிருச்சே! திராட்சை போச்சே!"

அத்தை என்ன செய்தாள் என்றால், எங்கள் வீட்டுக் குடம், சட்டி, செம்பு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு சமையல்கட்டுக்குள் பாய்ந்தாள். பீய்ச்சுகிற தண்ணீருக்கு நேராகக் குடத்தைப் பிடித்தாள். நிறைந்ததை எங்கள் வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு அடுத்ததைப் பிடித்தாள். நனைந்து நடுங்கிக்கொண்டே, "வந்துருச்சு, வந்துருச்சு" என்று சொன்னாள். அழுதாளா சிரித்தாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பட்லர் களிமாவோடு நின்று அவளையே பார்த்தார்.

அந்த நேரத்தில் அப்பா சரிவில் ஏறி வந்தார். ஒரே பார்வைதான். ரொட்டிக்கூடையைப் போட்டுவிட்டு மேட்டுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். தொட்டிக்குக் கீழிருந்த பெரிய திருகை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்த திருகு, கேட்டதும் திரும்பியது. கீழே சத்தம் அடங்கியது. அப்பா அங்கேயே குந்தி உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"ஏலே, நேத்து நாம அடுக்களைக் குழாயத் தொறந்து வச்சோமா, இல்லையா?"

வைத்தோம் என்று தலையாட்டினேன்.

"பெறகு யாரு மூடுனது?"

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, கீழே எங்கள் வாசலில் வரிசையாக வைத்திருந்த குடங்களையும் சட்டிகளையும் பார்த்தார். அதற்கப்புறம் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

குழாய் வேலைக்குப் பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த ராவுத்தர் வந்தார். பெரிய சரீரம், கலகலப்பான மனிதர். "என்னய்யா காவக்காரரே, உம்ம குழாய் வெடிச்சா இந்த மலையில எந்தக் குழாய்தான் வெடிக்காது?" என்று கேட்டுக்கொண்டே பையை இறக்கினார். அவர் பின்னாலேயே துரைசானி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, இருமிக்கொண்டே பின்வாசல் வழியாக வந்தார். அத்தையை அம்மா அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தாள். நான் சமையல்கட்டு வாசலில் நின்றேன். கதவுக்குப் பின்னால் அத்தை பற்கள் கிடுகிடுக்க நடுங்குவது எனக்குக் கேட்டது. இன்று உண்மை தெரிந்தால் நாளை அவள் அந்தத் துணிமூட்டையோடு மலை இறங்கவேண்டும். அதுமட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ராவுத்தர் குனிந்து குழாயைப் பார்த்தார். திருகில் கைவைத்தவர் நின்றார். பச்சைத் துணி அதன் வாயில் அப்படியே கட்டிக் கிடந்தது. காலையில் அத்தை அதை அவிழ்க்க வரவே இல்லை. ராவுத்தர் அப்பாவைப் பார்த்தார். அப்பா அந்தத் துணியைப் பார்த்தார். ராவுத்தர் சாவதானமாக முடிச்சை அவிழ்த்து, அந்தத் துணியிலேயே கையைத் துடைத்து, சுருட்டித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"காவல்காரரே," என்றார் துரைசானி, "இந்தக் குழாயை நீர் திறந்துவைத்தீரா?"

"பழைய குழாய்ங்கம்மா" என்று ராவுத்தர் முந்திக்கொண்டார். "இரும்பு அரிச்சுக் கெடக்கு. தொறந்து வச்சாலும் வெடிக்கும், மூடி வச்சாலும் வெடிக்கும்."

அதே நேரத்தில் அப்பா சொன்னார்: "இல்லைங்கம்மா. நாந்தான் மறந்துட்டேன். மூடியே கெடந்துச்சு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துரைசானி, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பட்லர் பக்கம் திரும்பினார். பட்லருக்கு எல்லாம் தெரியும். அவருடைய ராஜ்யத்துக்குள் அத்தை நின்றதை அவர் கண்ணால் பார்த்தார். தரையிலிருந்து அள்ளிக்கொண்டிருந்த கேக் மாவு அவர் கையிலேயே வழிந்துகொண்டிருந்தது. போதாததற்கு, அப்பாவுக்கும் அவருக்கும் கொழுப்புச் சண்டை.

பட்லர் கையிலிருந்த மாவை வழித்துப் போட்டார்.

"குளிருங்கம்மா" என்றார். "இந்தக் குளிருக்கு மனுசனே வெடிச்சிருவான். இரும்பு என்ன செய்யும்?"

துரைசானி கடைசியாக என்னிடம் வந்தார். "சிறுவனே, நீ உன் தகப்பனோடு எப்போதும் போகிறாய். நீ சொல்."

எனக்குக் காது சிவந்து, நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. உண்மை, பொய் இரண்டில் எதைச் சொல்லவும் என்னால் ஆகியிருக்காது. "அவன் வாயத் தொறந்து நானே பாத்ததில்லைங்கம்மா" என்றார் பட்லர். ராவுத்தர் சிரித்துவிட்டார். நெடுநாள் கழித்து, அன்று நான் எவ்வளவு புத்தியாக நடந்துகொண்டேன் என்று வீட்டில் பாராட்டிப் பேசுவார்கள். பேசாமல் இருப்பவனுக்கு ஊரில் நல்ல பெயர்தான் கிடைக்கிறது.

மூன்று காரணங்களில் துரைசானி அப்பா சொன்னதை எடுத்துக்கொண்டார். ஒருவன் தனக்கு எதிராகச் சொல்வது பொய்யாக இருக்காது என்று அவர் நினைத்திருக்கவேண்டும். வேலை போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து தினமும் பொழுது சாயும்போது அப்பா பங்களா வராந்தாவின் கீழ்ப்படியில் நின்று, "எல்லாக் குழாயும் தொறந்துட்டேங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்று உத்தரவாகியது. எதையும் மறக்காத மனிதர் அப்பா. பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் ஒப்பிக்கிற பையனைப்போல மாசிவரை நின்று சொன்னார். வழியில் போகிறவர்களுக்குக்கூட அது கேட்கும். பஜாரில் சிலர் அவரைப் பார்த்து, "என்ன, தொறந்துட்டீரா?" என்று கேலி செய்தார்கள்.

முதல் நாள் அவர் அப்படிச் சொன்னதைக் கேட்டதும் அத்தை எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பங்களாவுக்குக் கிளம்பினாள்.

"எங்க போறே?" என்றாள் அம்மா.

"நாந்தான்னு சொல்லிட்டு வந்துர்றேன். எங்கண்ணன் எதுக்கு அங்க நின்னு கத்தணும்?"

"நீ போயிச் சொன்னா, அவுக பொய் சொன்னாகன்னு ஆயிரும். அப்புறம் எல்லாருமே மூட்டையக் கட்டணும். சோலியப் பாரு."

அத்தை செருகிய சேலையை இறக்கிவிட்டாள். பிறகு அவரைக்கொடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள். அன்று அதற்கு இரண்டு செம்பு ஊற்றினாள்.

அந்த வாரம் எனக்கு விசித்திரமாகப் பட்ட சில காரியங்கள் நடந்தன. அப்பா பட்லரிடம் கொழுப்பைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். சாயங்காலம் தானே போய்ச் சாம்பலும் வெந்நீரும் போட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவினார். சண்டையில் பட்லர் ஜெயித்துவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன். ராவுத்தர் அந்தப் பச்சைத் துணியைத் திருப்பித் தரவேயில்லை. அவ்வளவு பெரிய கடைக்காரர் ஒரு கந்தலுக்கு ஆசைப்பட்டாரே என்று அவரைப் பற்றிக் கேவலமாகவும் நினைத்தேன்.

அத்தை மூன்று குளிர்காலம் எங்களோடு இருந்தாள். பிறகு கிளாவரைப் பக்கம் காய்கறி போடுகிற ஒருவருக்கு இரண்டாந்தாரமாகப் போனாள். அங்கே அவள் வீட்டுப் பின்னாலேயே ஓர் ஓடை. நான் போய்ப் பார்த்திருக்கிறேன். ஓடை ஓயாமல் சலசலத்துக்கொண்டிருக்கும், அவள் அதன் கரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருப்பாள்.

எனக்குக் கல்யாணமான பிறகு ஒருநாள், வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் அம்மா சொன்னாள். அந்தக் கோடையில் அத்தையின் ஊர்க் கிணறுகள் எல்லாம் வற்றி, ஓடை மணலில் குழி தோண்டி, சுரக்கிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டுதான் குடம் நிரப்புவார்களாம். பெண்ணுக்குக் காய்ச்சல். தண்ணீர் தண்ணீர் என்று கேட்டதாம். அத்தை குழியோரம் உட்கார்ந்து, சொட்டுச் சொட்டாகச் சுரப்பதைப் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறாள். குடம் நிறைந்து வீட்டுக்கு வந்தபோது, அதைக் குடிக்க ஆள் இல்லை. அம்மா இதைச் சொல்லிவிட்டு, கையிலிருந்த கீரையைத் தொடர்ந்து ஆய்ந்தாள்.

அன்றைக்குத்தான் எனக்கு வேறொரு சாயங்காலம் ஞாபகத்துக்கு வந்தது. குழாய் வெடித்து, ராவுத்தர் புதுக் குழாய் போட்டு முடித்த மறுநாள். அப்பா சணல் உருண்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் பின்னால் போனேன். பங்களாவுக்குள் போவார் என்று பார்த்தால், சமையல்கட்டுக்குள் நுழைந்து, தகரத் தொட்டியின் மேலிருந்த குழாய்க்குச் சணலைக் கட்டத் தொடங்கினார். நுனி அடியில் படுகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு வெளியே வந்து குதிரைத் தொட்டிக் குழாய்க்கும் ஒன்று கட்டினார். நூல் நனைந்து கறுக்க, தண்ணீர் இறங்கியது. சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சத்தமே இல்லை. எங்கள் வாசலில் அத்தை முந்தானையைக் காதிலிருந்து இறக்கிவிட்டு நின்றாள்.

"இங்க யாருப்பா தூங்குறா?" என்று நான் கேட்டேன்.

"கயித்தப் பிடிலே, பேசாம" என்றார் அப்பா.

பிடித்தேன். சத்தம் கேட்பதற்கு ஆளே இல்லாத இடத்தில் இவ்வளவு சணலை வீணாக்குகிறாரே, துரைசானி பார்த்தால் அதற்கும் படியில் நின்று பதில் சொல்லவேண்டி வருமே என்பதுதான் அன்று எனக்கிருந்த கவலை.